எத்தனை கை மாறும்?

கொழும்புக்கு மோட்டார் சைக்கிள் அனுப்ப வேண்டும் என்று கராஜுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வீதியால் கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நூறு, நூற்றுப்பத்து சீசீ வண்டி நல்ல நிலையில் இருந்தால் லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும். எட்டு லீற்றர் பெற்றோல் போதும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 2,400 ரூபாய். விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வவுனியாவில் காலைச் சாப்பாடு, தம்புள்ளையில் மத்தியானம், பொழுதுபட முன் கொழும்பு. இதைவிட மலிவாக ஒரு பைக்கை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க எவராலும் முடியாது. ஓடிக்கொண்டு போகக்கூடியவர் ஓடிக்கொண்டு போவதுதான் சரி என்று சொல்லித் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

ஆனால் அப்படிப் போக முடியாதவர்களே என்னிடம் கூடுதலாக வருகிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பொடியன். அவன் ஓடத் தயார், தாய்தான் விடமாட்டா. கொழும்பு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போகும் தாதி. ஸ்கூட்டியில் யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றியவர் என்றாலும் மாங்குளத்துக்கு அங்கால் தனியாக இருட்டில் போகச் சொல்ல முடியாது. வெளிநாடு போய்விட்ட மகனின் வண்டியைக் கொழும்பில் இருக்கும் மருமகனுக்குக் கொடுக்க நினைக்கும் தகப்பன். கார்த்திகை, மார்கழி மழைக்குள் புதுப் பொறுப்பு ஏற்கவேண்டிய உத்தியோகத்தர். இவர்களுக்கு அந்த 2,400 ரூபாய்தான் அளவுகோல். அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்காகப் போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அனுப்புகிற செலவு என்று எல்லோரும் நினைப்பது ரயில் கட்டணத்தை அல்லது லொறிக் கூலியை. என் அனுபவத்தில் பெரிய செலவு அதில் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் கிளச் பிடி உடைந்திருக்கும், இன்டிகேற்றர் நசிந்திருக்கும், ராங்கியில் ஒரு குழி விழுந்திருக்கும். ராங்கிக் குழியை எடுத்து நிறம் அடிக்கிற காசுக்கு இரண்டு தரம் அனுப்பியிருக்கலாம். இந்தச் சேதம் வண்டி ஓடும்போது நடப்பது குறைவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் நடக்கிறது. ஆகவே ஒரு வழியை நிதானிக்கும்போது நான் விலையைக் கேட்க முன்பு, வண்டி எத்தனை கை மாறும் என்று எண்ணுவேன். இரண்டு கை என்றால் நல்லது. நாலு கை என்றால், எவ்வளவு மலிவானாலும் யோசிப்பேன்.

இந்த எண்ணிக்கையை எனக்குப் பழக்கியவர் நான் தொழில் படித்த கராஜ் முதலாளி. 1990இல் போரால் ரயில் நின்ற பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், குடாநாட்டு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் சொட்டுச் சொட்டாகத்தான். ஸ்ராட் பண்ண காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி, என்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எங்கள் வேலை எம்.டி. 90களின் பிளக்கில் படியும் கரியைச் சுரண்டுவதும் புகையை நிறுத்துவதும். அந்தக் காலத்தில் வன்னிக்குப் போகிற வழி கிளாலிக் கடல். இரவில், வெளிச்சம் இல்லாமல், ஒரு இயந்திரப் படகு பின்னால் கட்டிய வள்ளங்களை இழுத்துக்கொண்டு போகும். ஆட்களோடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் போனது. முதலாளி வாடிக்கையாளருக்கு வண்டியைத் தயார்ப்படுத்திக் கொடுக்கும்போது, "கரையில ஏத்தேக்கை ஒருக்கா, அங்கால இறக்கேக்கை ஒருக்கா. இந்த ரெண்டிலயும் நீ பக்கத்தில நில். நடுக்கடலில கடவுள் பாப்பார்" என்பார். இன்றைக்கும் அதே விதியைத்தான் நான் வைத்திருக்கிறேன், கடவுளின் பங்கையும் சேர்த்து.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது கொழும்பில் இருந்து வண்டிகள் வரத் தொடங்கின. பத்துப் பன்னிரண்டு வருசமாகப் புது உதிரிப் பாகம் அருமையாக இருந்த ஊருக்கு அது பெரிய விசயம். ஆனால் கை மாறுகிற எண்ணிக்கையும் கூடியது. ஓமந்தையில் இராணுவச் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனை, முகமாலைப் பக்கத்தில் மறுபடி அதே மாதிரி இரண்டு. லொறியில் வந்த சாமானை இறக்கிப் பார்த்து ஏற்றுவார்கள். சாக்கை இறக்கி ஏற்றலாம்; பைக்கை அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் கட்டு அவிழும், திரும்பக் கட்டுகிறவன் முதலில் கட்டியவனாக இருக்கமாட்டான். அந்த நாட்களில் கொழும்பில் வாங்கியவர்களுக்கு நான் சொன்னது, ஓடிக்கொண்டே வாருங்கள், சோதனையில் உருட்டிக்கொண்டு போனால் போதும் என்று. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியதோடு அந்தக் கதையும் முடிந்தது.

ரயில் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபர் 13. சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குப் போய், தண்டவாளம் இருந்த இடமே தெரியாமல் கிடந்த பாதையை இந்தியாவின் கடன் உதவியில் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்டது. அடுத்த வருசத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை நீண்டது. ஸ்ரேசன் பாசல் கந்தோரில் மறுபடி தராசு வைத்த பிறகு, பைக்கை ரயிலில் போடலாமா என்று கேட்டுப் பலர் வந்தார்கள்.

போடலாம். ஆனால் எல்லா ரயிலிலும் ஏறாது. ஆட்களுக்கு மட்டும் என்று ஓடும் நகர்சேர் கடுகதிகளில் இடம் இல்லை. பொதிப் பெட்டி உள்ள ரயிலாக இருக்க வேண்டும். அதை முதல் நாளே போய்க் கேட்டு, இடம் இருக்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். ராங்கியில் பெற்றோல் இருக்கக்கூடாது. பதிவுப் புத்தகத்தின் பிரதி, அடையாள அட்டை, பெறுகிறவரின் பெயர், தொலைபேசி இலக்கம், எல்லாம் கையில் இருக்க வேண்டும். லொறிக்காரரோடு பேசுகிற மாதிரிப் பேரம் இல்லை. கட்டணத்துக்கு அச்சடித்த பற்றுச்சீட்டு கிடைக்கும். எனக்கு ரயிலில் மிகவும் பிடித்தது அந்தப் பற்றுச்சீட்டுத்தான். கொழும்புக் கோட்டையில் போய்க் கேட்க ஒரு துண்டு இருக்கிறது. எடுக்க நாள் கடத்தினால் அதற்கும் கட்டணம் ஏறும் என்பதையும் பெறுகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கோட்டைக்கு என்றால் ரயிலில் கை மாறுவது குறைவு: இங்கே ஏற்றுகிறவர்கள், அங்கே இறக்குகிறவர்கள். பேராதனைக்குப் போகிற மாணவன் ரயிலைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பொல்காவலைச் சந்தியில் இறக்கி மலைநாட்டுப் பாதை ரயிலில் மாற்ற வேண்டும். மட்டக்களப்புக்கு என்றால் மாகோவில் அதே கதை. நடுச் சந்தியில், நடுச்சாமத்தில், அவசரத்தில் நடக்கும் மாற்றத்தில்தான் வண்டி விழும். கண்டிப் பக்கம் போகிறவருக்கு வீதி நல்லது. ஏ9 என்பதே கண்டி-யாழ்ப்பாண வீதிதானே. ஒரே லொறி, ஒரே கட்டு.

2022இல் ரயிலுக்கு ஒரு காலம் வந்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஓகஸ்ட்டில் கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறை நாடு முழுக்க வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். நான் மேலே சொன்ன எட்டு லீற்றர் என்பது இரண்டு கிழமைப் பங்கு. கொழும்புக்கு ஓடிக்கொண்டு போனால் அங்கே போய் உருட்டத்தான் வேண்டும். அப்போது ஓடுவதே மலிவு என்ற என் கணக்கு தலைகீழாகிவிட்டது. ராங்கியில் இருந்து வடித்த பெற்றோலைச் சொந்தக்காரர் போத்தலில் எடுத்துத் தம்பியின் வண்டிக்குக் கொண்டுபோவார். ஒரு சொட்டு நிலத்தில் விழ விடமாட்டார். தடைக் காலத்தைப் பார்த்த எங்களுக்கு அந்தக் கவனம் புதிதில்லை. பிறகு பாதை திருத்தத்துக்காக 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கு வடக்கேயும், 2024 ஜனவரியில் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் ரயில் மாதக்கணக்கில் நின்றபோது, எல்லோரும் லொறிக்குத் திரும்பினார்கள்.

லொறியில்தான் மலிவும் இருக்கிறது, மோசமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வரும் லொறி நிரம்பித்தான் வரும். புறக்கோட்டைச் சாமான், மா, சீனி, மாபிள், பிளாஸ்ரிக், எல்லாம் அங்கிருந்து இங்கே. திரும்பும்போது நிலைமை வேறு. வெங்காயமோ பீற்றூட்டோ வாழைக்குலையோ கிடைக்கிற காலத்தில் பாரம் இருக்கும். இல்லாவிட்டால் பாதி வெறுமை, சில நாள் முழு வெறுமை. வெறும் லொறிக்கும் டீசல் செலவு உண்டு என்பதால் சாரதி ஒரு பைக்குக்கு எவ்வளவு கொடுத்தாலும் சந்தோசப்படுவார். அதனால் ஒரே தூரம், ஒரே லொறி, ஆனால் இங்கிருந்து அனுப்புவது அங்கிருந்து எடுப்பதைவிட எப்போதும் மலிவு. இது தெரியாமல் கொழும்பில் விலை கேட்டுவிட்டு, அதே விலையை இங்கேயும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலமும் முக்கியம். தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமைகளில் வடக்கு நோக்கி வரும் லொறியில் ஒரு சைக்கிளுக்கும் இடம் கிடையாது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் அப்படித்தான். ரயில் பொதிப் பெட்டியும் சேர்ந்து நிரம்பிவிடும். அவசரம் இல்லாதவர் திருவிழா முடிய எடுப்பது நல்லது.

எந்த லொறி என்பதும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மலிவாக ஏற்றச் சம்மதிப்பது மீன் லொறி. குருநகரில் இருந்தோ மயிலிட்டியில் இருந்தோ இரவில் கொழும்பு போகும், வேகமாகவும் போகும். அதில் ஏற்ற நான் உடன்படுவதே இல்லை. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் செயினிலும் ஸ்போக் கம்பியிலும் இருந்து வேலை செய்யும். சைலன்சர் அடியில் துரு கிளம்பும்போது ஆறு மாதம் ஆகியிருக்கும், அது மீன் லொறியால் வந்தது என்று ஒருவருக்கும் நினைவு இராது. சீமெந்து இறக்கிவிட்டுத் திரும்பும் லொறி இரண்டாவது மலிவு. தூசி காய்ந்திருக்கும்வரை பெரிய பாதகம் இல்லை. ஒரு மழை பிடித்தால் பிறேக் டிரம்முக்குள்ளும் கேபிளுக்குள்ளும் போன தூசி இறுகிவிடும். அதில் ஏற்றுவதென்றால் தளத்தைக் கூட்டிக் கழுவச் சொல்லி, வண்டியைப் படங்குத் துணியால் முழுதாக மூடிக் கட்டுவேன். வெங்காய லொறிக்காரர் நல்லவர்கள், ஆனால் வியாபாரி சம்மதிக்க வேண்டும். மூட்டைக்குப் பெற்றோல் மணம் பிடித்தால் தம்புள்ளைச் சந்தையில் யாரும் எடுக்கமாட்டார்கள். அதனால் வெங்காயத்தோடு போகிற வண்டிக்கு ராங்கியை வடித்தால் மட்டும் போதாது. மூடியைத் திறந்து ஒரு இரவு வெளியில் நிழலில் விட்டுக் காற்றாட வைப்பேன். உண்மையில் எந்த வண்டிக்கும் இது நல்லது. வெறும் ராங்கிக்குள் நிற்கும் ஆவி, நிரம்பிய ராங்கியைவிட ஆபத்தானது.

மரக்கறியோ தட்டுமுட்டோ, லொறி ஒரே மூச்சில் போகிறதா, நடுவில் களஞ்சியத்தில் இறக்கி வேறு லொறியில் மாற்றுகிறதா என்று கட்டாயம் கேட்பேன். "நேர போகும் அண்ணை" என்று தொலைபேசியில் சொல்வதை நம்புவதில்லை, சாரதியிடமே கேட்பேன். ஏனென்றால் கூலி பேசுகிறவர் ஒருவர், வண்டியைக் கொண்டுபோகிறவர் இன்னொருவர்.

இனிக் கட்டு. முதலில் பெற்றோல் குழாயைக் கழற்றி வடித்து, பிறகு காபரேற்றர் அடியில் உள்ள திருகாணியைத் திறந்து கிண்ணத்தில் நிற்பதையும் வடிக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்; வண்டி சரிந்தால் அதுதான் ஒழுகும். பற்றரியின் மறை முனையைக் கழற்றி ரியூப் துண்டால் மூடுவேன். கண்ணாடிகளைக் கழற்றி, கடதாசியில் சுற்றி, சொந்தக்காரரின் கையில் கொடுத்துவிடுவேன். வண்டியோடு அனுப்பினால் வந்து சேராது. இன்டிகேற்றருக்கும் லைற்றுக்கும் மட்டையும் உரப்பையும் வைத்து, பழைய சைக்கிள் ரியூபைக் கீலம் கீலமாக வெட்டி இழுத்துக் கட்டுவேன். ரியூபைப் போல இழுபட்டு, இறுகி, நிறத்தைச் சுரண்டாத கட்டு வேறு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சைக்கிள் கடையிலும் சும்மா கிடைக்கும்.

கிளச், பிறேக் பிடிகளை இறுக்கியிருக்கும் ஆணியைக் கொஞ்சம் தளர்த்திவிடுவது என் வழக்கம். வண்டி சரிந்து நிலத்தில் பட்டால் பிடி உடையாமல் ஹாண்டிலைச் சுற்றித் திரும்பும். இந்த ஒரு வேலைக்கு ஒரு நிமிசம் போகும், ஒரு சதம் செலவில்லை.

ஹாண்டில் பூட்டைப் போடக்கூடாது. திறப்பை வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு அது பாதுகாப்பாகத் தெரியும். ஏற்றுகிறவருக்கோ திரும்பாத வண்டியை இழுத்துத் தூக்க வேண்டிவரும். ரயிலுக்கு என்றால் நியூற்றலில் விட வேண்டும். லொறியில் ஏற்றிக் கட்டிய பிறகு கியரில் போடலாம். பக்க ஸ்ராண்டில் நிறுத்திக் கட்டுகிறவர்கள் உண்டு. ஒரு பள்ளத்தில் லொறி குதித்தால் ஸ்ராண்ட் பொருத்திய இடம் வெடிக்கும். வண்டியை நேராக, முன் சில்லைத் தட்டியோடு முட்ட வைத்து, முன் போர்க்கின் மேல் கட்டையில் இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கீழே இழுக்க வேண்டும். போர்க் பாதி அமரும் வரைக்கும். முழுதாக அமர்த்தினால் சீல் கசியும். ஹாண்டில் நுனியில் கயிறு போடவே கூடாது, வளையும். பின் சில்லு பக்கவாட்டில் ஆடாமல் இன்னும் இரண்டு கயிறு. நைலோன் கயிறு போகப் போகத் தளரும்; முறிகண்டிப் பிள்ளையாருக்கு எப்படியும் தேங்காய் உடைக்க நிற்பார்கள், அங்கே ஒருக்கா இறுக்கிப் பார்க்கச் சொல்லிச் சாரதியிடம் கேட்டுக்கொள்வேன். கேட்டால் செய்வார்கள். தேநீருக்கு என்று கையில் ஏதாவது கொடுத்தால் மறக்காமல் செய்வார்கள்.

பத்திரங்களில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: மூலப் பதிவுப் புத்தகம் வண்டியோடு போகாது. பிரதி மட்டும். அதோடு சொந்தக்காரர் கையெழுத்திட்ட ஒரு கடிதம், அடையாள அட்டைப் பிரதி, சாரதியிடம். வழியில் பொலிஸ் மறித்தால், லொறியில் இருக்கும் பைக் யாருடையது என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து வருசத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறி, களவும் பயமும் சேர்ந்து ஏறியது. என்ஜின் இலக்கம், சசி இலக்கம், கிலோமீற்றர், நாலு பக்கமும் படம், எல்லாம் ஏற்ற முன்பு தொலைபேசியில் எடுத்துச் சொந்தக்காரருக்கும் பெறுகிறவருக்கும் அனுப்பிவிடுவேன். மூன்றாந் தரப்புக் காப்புறுதி, லொறியில் போகும்போது வண்டிக்கு வரும் சேதத்தைப் பார்க்காது. முழுக் காப்புறுதி என்றாலும் கம்பனியில் கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும்.

தூரம் குறைந்தால் வேலை குறையும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஆக வில்லங்கமான அனுப்புதல் நெடுந்தீவுக்குத்தான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் ஓடும், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் பைக்கை உருட்டிக்கொண்டே ஏறி, உருட்டிக்கொண்டே இறங்கலாம். ஒரு கையும் மாறாது. நெடுந்தீவு அப்படி இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து படகு. துறை ஒரு உயரம், படகு ஒரு உயரம், இரண்டுக்கும் நடுவில் அலை. நாலைந்து பேர் போர்க்கிலும் பின் கம்பியிலும் பிடித்து, அலை படகைத் தூக்குகிற நொடி பார்த்து உள்ளே வைக்க வேண்டும். அங்கே போய் மறுபடி அதே. தீவுப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் வண்டியோடு வருவார்கள். அங்கே பைக் இல்லாமல் இருப்பது கஷ்டம். அவர்களுக்கு நான் சொல்வது: சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அனுப்ப வேண்டாம், காலைப் படகைப் பாருங்கள், கடல் அடங்கியிருக்கும், தூக்குகிறவர்களின் கூலியில் பேரம் பேச வேண்டாம். செயினுக்கும் ஸ்போக்குக்கும் முன்கூட்டியே கிறீஸ் பூசி விடுவேன். இறங்கிய உடனே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை என்பதும் தெரியும். ஒரு வாளியாவது பார்த்து ஊற்றச் சொல்வேன்.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் 2023இல் பயணிகள் கப்பல் தொடங்கிய பிறகு, பைக்கைக் கொண்டுபோய் இந்தியாவில் ஓடலாமா என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது ஆட்களுக்கான கப்பல். வண்டி ஏற்றுகிற ஒரு கப்பல் வந்தால் முதல் வண்டியைக் கட்டிக்கொடுக்க எனக்கும் ஆசைதான்.

வண்டி போய்ச் சேர்ந்ததும் பெறுகிறவர் செய்ய வேண்டியதை ஒரு மட்டையில் எழுதி ஹாண்டிலில் கட்டிவிடுகிறேன். இறக்குகிறவர்களும் வாசிக்கட்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவேன். கையெழுத்துப் போட முன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். பற்றரி முனையைப் பூட்டவும். ஒரு லீற்றர் பெற்றோல் விட்டுக் குழாயில் கசிவு பார்க்கவும். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: "கிளச், பிறேக் பிடிகள் தளர்த்தியிருக்கு. இறுக்கிய பிறகுதான் ஏறவும்." அந்த ஆணிக்குரிய சாவியை அதே மட்டையில் ரியூப் கீலத்தால் கட்டிவிடுவேன். பிறகு பெறுகிறவருக்கு நானே தொலைபேசி எடுத்து, இறுக்கிவிட்டீர்களா என்று கேட்பேன். ஓம் என்று சொன்னாலும், முன் பிறேக்கை ஒருக்கா அழுத்திப் பார்க்கச் சொல்லி, அழுத்துகிறவரைக்கும் தொலைபேசியில் நிற்பேன்.